ராம் மீன் மூன்றாம் முறையும் முட்டையைத் தின்றுவிட்டது: செட்டிநாட்டுப் பக்கம் குஞ்சு எடுத்தவர்கள் உண்டா?

வளவு வாசல் (கானாடுகாத்தான்), பிப்ரவரி 11

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி வைத்திருக்கிறேன். போன ஆவணியில் மதுரையிலிருந்து ஒரு ஜோடி ஜெர்மன் புளூ ராம் வாங்கி வந்தேன். துணைக்குப் பன்னிரண்டு கார்டினல் டெட்ரா மீன்கள். வேறு குடித்தனம் இல்லை.

முகப்புத் தரையைச் செப்பனிட்டபோது மிஞ்சிய ஆத்தங்குடிக் கல் ஒன்று, பூப்போட்ட துண்டு, சும்மா கிடந்தது. கழுவித் தொட்டிக்குள் சாய்த்து வைத்தேன். நான் வைத்தது அழகுக்கு. அவற்றுக்கு அதுவே மணவறை ஆகிவிட்டது. இதுவரை மூன்று முறை அதன்மேல் முட்டை வைத்துவிட்டன. ஒவ்வொரு முறையும் நூற்றைம்பதுக்குக் குறையாது. முதல் நாள் தேன் நிறம். மறுநாள் பாதிக்கு மேல் சுண்ணாம்பு வெள்ளை. மூன்றாம் நாள் விடியும்போது கல் துடைத்துவிட்டதுபோல இருக்கும். தாயும் தகப்பனும் ஒன்றும் தெரியாததுபோல ஆளுக்கொரு மூலையில் நிற்கும்.

எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது. அதனால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஓட்டுத் தண்ணீரைப் பிடித்து, அப்பத்தா சீராகக் கொண்டுவந்த அண்டா இரண்டில் நிரப்பி வைத்து, பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன். வெப்பம் 29. ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு ஓடுகின்றன. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவு. நத்தைத் தொல்லைகூடக் கிடையாது. செடியோடு வந்த நத்தைகள் ஒரே வாரத்தில் தாமாகவே செத்துவிட்டன. எங்கே தவறுகிறேன்?

தேவகோட்டைத் தொட்டி, பிப்ரவரி 11

முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. இரண்டில் ஒன்றாவது ஆண்தானா? சிரிக்காதீர்கள். இரண்டு பெண் ராம்கள் ஜோடி சேர்ந்து, கல்லைச் சுத்தம் செய்து, முட்டை வைத்து, இரவு பகலாகக் காவல் காப்பதை என் தொட்டியிலேயே பார்த்திருக்கிறேன். ஐந்து மாதம் ஏமாந்தேன்.

பெண்ணுக்கு வயிற்றில் ரோஜா நிறத் திட்டு இருக்கும். உடலின் நடுவில் உள்ள கறுப்புப் பொட்டுக்குள் நீலச் செதில்கள் மின்னும். ஆணுக்கு அந்தப் பொட்டு பெரும்பாலும் வெறும் கறுப்பு. ஆணின் முதுகுத் துடுப்பில் முன்பக்க முட்கள், அதிலும் இரண்டாவது மூன்றாவது, கொடிக்கம்பம்போல நீண்டு நிற்கும். இன்னொரு சங்கதி: நிறம் ஏற ஹார்மோன் கொடுத்து வளர்த்த மீன்களும் சந்தைக்கு வருகின்றன. பார்க்க மயில்போல இருக்கும், வித்து வீரியம் இருக்காது.

ஆண்தான் என்றால், தண்ணீரைச் சரி செய்யுங்கள். பாதிக்குப் பாதி போதாது. மழைத் தண்ணீரை முக்கால் பங்காக ஏற்றிவிடுங்கள்.

வளவு வாசல், பிப்ரவரி 11

ஆண்தான் அண்ணே. மூன்றாவது முள் வளைந்து வாலைத் தொடப் பார்க்கிறது. பெண் ஒரு வரிசை வைத்துவிட்டு நகர்ந்ததும் இவன் அதன்மேல் தவழ்ந்து போவதையும் பார்த்தேன். சரி, நாளைக் காலை அண்டாவிலிருந்து நான்கு குடம் எடுத்து மாற்றிவிடுகிறேன்.

வேதியியல் ஆச்சி (பள்ளத்தூர்), பிப்ரவரி 11

தம்பி, அந்த நான்கு குடத்தை ஊற்றிவிடாதீர்கள். நாளைக் காலை இதைப் பார்க்காமல் அண்டாப் பக்கம் போகவே வேண்டாம்.

சீர் அண்டா என்றால் பித்தளையா, செம்பா? உள்ளே ஈயம் பூசி எத்தனை வருடம் ஆகிறது? உங்கள் பதிவில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது முட்டை அல்ல, நத்தை. நத்தை தானாகச் சாகாது. ராம் வளர்க்கிற தொட்டியில் இலைச் சக்கையும் மிச்சத் தீனியும் கிடக்கும்போது அது பெருகத்தான் செய்யும். ஒரே வாரத்தில் அத்தனையும் செத்தன என்றால் தண்ணீரில் செம்பு இருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். மீன் தாங்கும் அளவிலேயே நத்தை முடிந்துவிடும்.

மழைத் தண்ணீர் சாதுவாகத் தெரியும். அதில் கரைந்த உப்பு ஏதும் இல்லை, இலேசான புளிப்புத்தன்மை வேறு உண்டு. பசித்த தண்ணீர் அது. தொட்டதையெல்லாம் கரைத்துத் தின்னும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். ஈயப் பூச்சு தேய்ந்த அண்டாவில் மூன்று மாதம் மழைநீர் நின்றால் இரண்டும் இறங்கும். உங்கள் மீன்கள் பிழைத்திருப்பதற்கு நீங்கள் திட்டுகிற அந்த ஆழ்குழாய்த் தண்ணீர்தான் காரணமாக இருக்கலாம். கடின நீரில் செம்பின் நஞ்சு கொஞ்சம் மட்டுப்படும். அதைக் குறைத்து அண்டாத் தண்ணீரைக் கூட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஆத்தங்குடிக் கல். பெயர்தான் கல். கண்ணாடிப் பலகைமேல் நிறக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமென்டும் மணலும் சேர்த்து வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது அது. மேல்முகம் வழவழப்பாக இருக்கும். உடைந்த ஓரமும் முதுகும் வெறும் சிமென்ட். தொட்டிக்குள் மெல்ல மெல்லச் சுண்ணாம்பு விட்டுக்கொண்டே இருக்கும். உடைந்த ஓரத்தில் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். அப்படியே தண்ணீரின் பிஎச் அளவையும் (7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) பார்த்துச் சொல்லுங்கள்.

வளவு வாசல், பிப்ரவரி 12

ஆச்சி, கை நடுங்குகிறது. பித்தளைதான். ஈயம் பூசியது எப்போது என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "உங்கப்பன் கல்யாணத்துக்கு" என்கிறார். அண்டாவின் உள்விளிம்பில் பாசி என்று நான் நினைத்திருந்த பச்சை, பாசி இல்லை. நகத்தால் சுரண்டினால் தூளாக வருகிறது.

கல்லில் வினிகர் விட்டதும் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரைத்தது. பிஎச் 8.1.

தேவகோட்டைத் தொட்டி, பிப்ரவரி 12

அண்டாவை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வளவு வாசல், மன்னிக்க வேண்டும். என் பேச்சைக் கேட்டிருந்தால் மீன் போயிருக்கும்.

ஆனால் பிஎச் பற்றி ஆச்சியிடம் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. சென்னை கொளத்தூரிலிருந்து வருகிற ராம்கள் பண்ணை மீன்கள். பல தலைமுறையாக நம் ஊர்த் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவை. 7.5, 8 எல்லாவற்றிலும் நன்றாகத் தின்று நன்றாகவே நீந்துகின்றன. அமேசான் தண்ணீர் வேண்டும் என்று புதியவர்களை மிரட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

வேதியியல் ஆச்சி, பிப்ரவரி 12

அமேசான் இல்லை, ஓரினோகோ. வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளில் லானோஸ் என்று அழைக்கப்படும் புல்வெளிச் சமவெளி. வெயில் அடிக்கும், தண்ணீர் சூடாக இருக்கும். ஆனால் உப்பே இல்லாத மென்னீர், புளிப்பான நீர். வெயிலில் நம் ஊருக்கு உறவு, தண்ணீரில் நமக்கு நேர் எதிர். மானுவேல் ராமிரேஸ் என்ற மீன் சேகரிப்பாளரின் நினைவாக ராமிரேசி என்ற பெயரிட்டு மையர்ஸ், ஹாரி இருவரும் 1948-இல் விவரித்தார்கள். (காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அதே 1948-இல்தான். ஒன்றுக்கும் உதவாத தகவல், ஆனாலும் எனக்குப் பிடிக்கும். ராம் என்றால் ராமபிரான் பெயர் என்று என் பேரன் பள்ளியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.)

சண்டைக்கு வருகிறேன். நீங்கள் சொல்வது பாதி சரி. வளர்ந்த மீன் கடின நீரில் வாழும். முட்டை கருக்கட்டுவது வேறு கதை. மென்னீர் மீனின் முட்டைக்குக் கடின நீர் ஒத்து வருவதில்லை. வித்து சேர்ந்தாலும் பல முட்டைகள் வளராமல் வெளுத்துப்போகும். வெளுத்ததில் பூஞ்சை ஏறும், பக்கத்து முட்டைக்குப் பரவும். பெற்றவை அதைத் தின்பது குரூரம் இல்லை, சுத்தம் செய்கிற வேலை. வளவு வாசல் வீட்டில் மூன்றாம் நாள் கல் காலியானது இதனால்தான்.

புதுவயல் புதியவன், பிப்ரவரி 13

நடுவில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு இரண்டடித் தொட்டி வாங்கி, மறுநாளே நான்கு எலக்ட்ரிக் புளூ ராம் விட்டேன். ஒரு வாரத்தில் மூன்று செத்துவிட்டன. நான்காவது சாப்பிட மறுக்கிறது, வெள்ளை நூல்போலக் கழிகிறது. தண்ணீர் தினமும் முழுதாக மாற்றினேன். கடைக்காரர் நான் அதிகமாகத் தீனி போட்டேன் என்கிறார்.

செம்மண் (குன்றக்குடி), பிப்ரவரி 13

தம்பி, தீனி மட்டும் காரணம் இல்லை. மறுநாளே விட்டீர்கள் பாருங்கள், அதுதான். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர்போலச் சூடும் பிஎச் அளவும் கூடிய தண்ணீரில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமை. கப்பி மீன் ஒருவேளை தாங்கும். ராம் தாங்காது. தொட்டி பழகி மூன்று மாதமாவது ஆன பிறகு கடைசியாக விட வேண்டிய மீன் அது. தினமும் முழுத் தண்ணீரை மாற்றியதில் இருந்த கொஞ்ச நஞ்சப் பிடிப்பும் போயிருக்கும்.

வெள்ளை நூல் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். மெட்ரோனிடசோல் மருந்து கலந்த தீனி கொடுப்பார்கள்; ஆனால் அது தின்கிற மீனுக்குத்தான் உதவும். அளவைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

தீனி என்று வந்துவிட்டதால் என் பங்குக்குக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். ராம் கீழே பார்த்து உண்கிற மீன். மண்ணை வாயில் அள்ளி, சலித்து, செவுள் வழியே துப்பும். அதன் அறிவியல் பெயரின் முற்பாதிக்கே சின்ன மண்தின்னி என்றுதான் பொருள். ஆகவே தரையில் நயமான ஆற்றுமணல் போடுங்கள். கடைகளில் விற்கிற கூர்மையான வண்ணக் கற்கள் வாயைக் கிழிக்கும். மேலே மிதக்கிற தீனியை நம்பாதீர்கள். மெல்ல மூழ்கும் சின்னக் குருணை, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டு நிமிடத்தில் தீருகிற அளவு.

முட்டைக்குத் தயார் செய்ய உயிர்த்தீனிக்கு நிகர் இல்லை. ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ப் பொடி இறால், மொய்னா என்ற நீர்த்தெள்ளு, கொசுப்புழு. சாக்கடையோரத்தில் அள்ளி விற்கிற டியூபிஃபெக்ஸ் புழுவை நான் என் வீட்டுப் படி ஏற்றுவதில்லை. நோய் அதோடுதான் வரும். கொசுப்புழு இலவசம், மீனுக்குக் கறிவிருந்து. ஆனால் வாளியை வலைத்துணியால் மூடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தவறாமல் வடித்துவிட வேண்டும். போன வருடம் நான் வெளியூர் போய்விட்டுத் திரும்பியபோது டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். "மீனுக்கு வளர்க்கிறேன்" என்று சொன்னேன். அவர்கள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஊருணியில் மொய்னா வடிப்பவர்களுக்கு ஒரு சொல்: கூடவே தும்பிப் புழு வரும். ஒரே ஒரு புழு போதும், ஒரு வாரத்துக் குஞ்சுகளைக் கணக்கு வைத்துத் தின்றுவிடும்.

வளவு வாசல், பிப்ரவரி 14

கல்லை எடுத்துவிட்டேன். அண்டாத் தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டேன். இப்போது மழை இல்லை. மென்னீருக்கு எங்கே போவது? கடப்பாக்கல் துண்டு ஒன்று இருக்கிறது, முட்டைக்கு அதை வைக்கலாமா?

வேதியியல் ஆச்சி, பிப்ரவரி 14

கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் இனம். வேண்டாம். சமையலறையில் உடைந்த மண்சட்டி இருக்கும்; அதன் வளைந்த ஓடு ஒன்றை நன்றாக ஊறவைத்துக் கவிழ்த்து வையுங்கள். கருங்கல் கூழாங்கல்லும் ஆகும்.

தண்ணீருக்கு, மழை வரும்வரை ஆர்ஓ தண்ணீர். கணக்கு எளிது. உங்கள் ஆழ்குழாய் 900. ஆர்ஓ நீரோ மழைநீரோ ஏறக்குறைய 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதியில் 460 வரும். ஆழ்குழாய் ஒன்றுக்கு ஆர்ஓ நான்கு கலந்தால் 200-ஐ ஒட்டி வரும். ஒன்றுக்கு எட்டில் 120. ஒன்றுக்கு நான்கில் தொடங்குங்கள். வெறும் ஆர்ஓ நீரை ஊற்றும் வீரம் வேண்டாம். தாங்கிப் பிடிக்க உப்பே இல்லாத தண்ணீரில் பிஎச் ஒரே இரவில் சரிந்துவிடும்.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு. புதுத் தண்ணீரும் தொட்டி அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும். தெருவில் நாட்டு வாதாம் மரம் இருந்தால் தானாக உதிர்ந்து காய்ந்த இலைகளைக் கழுவி நாலைந்து போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும், பிஎச் கொஞ்சம் இறங்கும், பூஞ்சையும் மட்டுப்படும். விருந்தாளிகள் தொட்டி அழுக்கு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்த மழைக்கு உணவுப் பொருள் வந்த நீல பிளாஸ்டிக் பீப்பாய் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மழையை ஓடு கழுவ விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடியுங்கள். சிமென்ட் தொட்டியில் சேர்த்தால் மறுபடி சுண்ணாம்புதான்.

கல்லுப்பு (காரைக்குடி), பிப்ரவரி 15

எங்களுக்குக் குழாயில் சம்பை ஊற்றுத் தண்ணீர் வருவதால் இந்தக் கணக்கெல்லாம் போடாமலே குஞ்சு எடுத்தேன் என்று சொல்ல ஆசை. உண்மையில் முதல் தடவை குளோரின் போக ஒரு நாள் வைக்காமல் ஊற்றி அத்தனை முட்டையையும் இழந்தேன்.

வளவு வாசல் இப்போதே செய்ய வேண்டியது குஞ்சுத் தீனி. முட்டை வைத்த பிறகு தேடினால் நேரம் போதாது. 29 டிகிரியில் இரண்டரை நாளில் பொரியும், அதன்பின் நாலைந்து நாளில் நீந்தும். நீந்தத் தொடங்கியதும் பசி. முதல் இரண்டு நாளைக்கு நுண்ணுயிர்த் தண்ணீர்: ஒரு ஜாடியில் பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றி, ஒரு முட்டைக்கோஸ் இலையை நசுக்கிப் போட்டு வையுங்கள். முதலில் நாறும், கலங்கும். தெளிந்து நாற்றம் போனதும் வெளிச்சத்தில் பார்த்தால் தூசு நடப்பது தெரியும். அதுதான் தீனி.

அதன்பின் முட்டையிலிருந்து அன்றன்று பொரிக்கவைத்த ஆர்ட்டீமியா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கல்லுப்பு, காற்றுக் குழாய் விடாமல் கொதிக்கிறதுபோல ஓட வேண்டும். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரியும். பொரிந்ததை வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள். முட்டை ஓடு சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குஞ்சு வயிறு ஆரஞ்சு நிறமாக உப்பியிருந்தால் அன்று நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

தேவகோட்டைத் தொட்டி, பிப்ரவரி 15

முட்டையைப் பெற்றவர்களிடம் விடாதீர்கள். மண்சட்டி ஓட்டோடு தூக்கித் தனி ஜாடியில், பூஞ்சையைத் தடுக்க மெதிலீன் நீலம் இரண்டு சொட்டு, மெல்லிய காற்று. எண்ணிக்கை வேண்டும் என்றால் இதுதான் வழி.

செம்மண், பிப்ரவரி 15

எண்ணிக்கை யாருக்கு வேண்டும், வியாபாரமா செய்கிறார்? ஆணும் பெண்ணும் மாறி மாறி முட்டைக்கு விசிறிக் காற்றுவிடுவதைப் பார்க்கத்தானே இந்த மீனை வளர்க்கிறோம். இளம் ஜோடி முதல் இரண்டு மூன்று தடவை கெடுக்கும், பிறகு கற்றுக்கொள்ளும். இரவில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். டெட்ராக்களை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இருட்டில் திருடுவது அவைதான்.

வளவு வாசல், ஏப்ரல் 6

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் பயம். கண்ணேறு பட்டுவிடுமோ என்று.

பிஎச் 6.7, டிடிஎஸ் 190. மார்ச் 20-ஆம் தேதி மண்சட்டி ஓட்டில் முட்டை வைத்தன. மறுநாள் எண்ணினேன், வெளுத்தது பதினொன்றுதான். செம்மண் அண்ணன் சொன்னபடி பெற்றவர்களிடமே விட்டேன். மூன்றாம் நாள் காலை ஓடு காலி. என் வயிறும் காலியானதுபோல ஆனது. பிறகு பார்த்தால் மணலில் கைவிரல் பதித்த அளவில் ஒரு குழி, அதற்குள் நூற்றுக்கணக்கில் வால்கள் துடிக்கின்றன. ஆண் வாயால் அள்ளி அள்ளி மாற்றியிருக்கிறான். அன்று மாலைக்குள் இரண்டு முறை இடம் மாற்றினான். ஆறு நாள் கழித்து, மார்ச் 28, கூட்டமாக எழுந்து நீந்தின. அப்பத்தா நாற்காலியைத் தொட்டி முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "கடுகைத் தூவின மாதிரி இருக்குடா" என்றார்.

முந்தாநாள் இரவு நான்கு மணிநேரம் மின்சாரம் இல்லை. காற்று நின்றுவிட்டது. குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினேன். பாதிக்கு மேல் போய்விட்டன. இப்போது எண்ணினால் அறுபதை ஒட்டி வருகிறது.

செம்மண், ஏப்ரல் 6

பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இன்றே வாங்குங்கள். கத்திரி வெயில் இனிமேல்தான். தண்ணீர் 32-ஐத் தாண்டினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள். உங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். என்னைப் போலத் தளம் போட்ட வீட்டுக்காரனுக்குத்தான் தொல்லை.

புதுவயல் புதியவன், ஏப்ரல் 7

என் நான்காவது மீனும் போய்விட்டது. தொட்டியில் இப்போது செடியும் ஆறு நத்தையும் மட்டும். நத்தை பெருகுகிறது. இதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளலாமா ஆச்சி?

வேதியியல் ஆச்சி, ஏப்ரல் 7

மிக நல்ல செய்தி. வைகாசி வரை பொறுங்கள்.

வளவு வாசல், மே 19

ஏழு வாரம் ஆகிறது. முப்பத்தொன்று நிற்கின்றன. சிலவற்றுக்குக் கண்ணை வெட்டும் கறுப்புக் கோடு தெரிகிறது, துடுப்பு ஓரத்தில் நீலப் பொடி. பெற்றவை மறுபடி ஓட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கி, பிள்ளைகளை விரட்டுகின்றன. அதனால் பிள்ளைகள் இரண்டடித் தொட்டிக்குக் குடிபோய்விட்டன. அங்கே முப்பத்தொன்றுக்கு இடம் போதாது. அண்டா இரண்டும் ஈயம் பூசப் போயிருக்கின்றன, அப்பத்தாவின் உத்தரவு. இனி அவற்றில் நான் மீன் சம்பந்தமாக ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாதாம். யாருக்காவது மீன் வேண்டுமா? காசு வேண்டாம், தண்ணீர்க் கணக்கைச் சொன்னால் போதும்.

தேவகோட்டைத் தொட்டி, மே 19

எனக்கு ஆறு. டிடிஎஸ் 180, பிஎச் 6.9, நத்தை எக்கச்சக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், டப்பா என் கையில் இருக்கும்.

புதுவயல் புதியவன், மே 19

ஆச்சி, வைகாசி பிறந்துவிட்டது.

வேதியியல் ஆச்சி, மே 20

அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்றால் போய் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மட்டும்.